காலைக் குவளையும் கடற்பாட்டும்

ஒரு வீட்டின் இயல்பை அறிய விரும்பினால், அவ்வீட்டார் காலையில் எதைப் பருகுகின்றனர் என்று பார்த்தாலே போதும் என்பார் எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர். இராமேசுவரத் தீவுக்கு எதிரே, கடற்காற்று நேரே வந்து மோதும் மண்டபத்தில் என் வீடு இருக்கிறது. விடியற்காலையில் அவ்வீட்டுத் திண்ணைக்கு மூன்று குவளைகள் வந்து சேரும்.

முதற்குவளை எனக்குரியது, அதில் இருப்பது நீராகாரம். இரவில் சோற்றில் ஊற்றிவைத்த நீரைக் காலையில் இறுத்து, உப்பிட்டு, இரண்டு சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு பருகுவேன். இரண்டாங்குவளை என் மனைவியாருக்குரிய கருப்பட்டிக் காப்பி. மூன்றாங்குவளை, சென்னையில் பயிலும் என் பேரன் ஊருக்கு வரும் நாள்களில் மட்டும் வருவது. பாலும் இல்லை, இனிப்பும் இல்லை. கரிய கசப்பு நீர். “இது காப்பி அன்று, காய்ச்சலுக்குக் கொடுக்கும் கஷாயம்” என்று அவனுடைய அப்பத்தா சொல்லிச் சிரிப்பாள். எங்கள் பக்கத்தில் தந்தையைப் பெற்றவளை ‘அப்பத்தா’ என்றும், தந்தையைப் பெற்றவரை ‘ஐயா’ என்றும் அழைப்பது வழக்கம்.

இம்மூன்றனுள் நீராகாரமே நம் மண்ணில் மூத்தது. காப்பி அயலிலிருந்து வந்தது. அதனைப் பருகுவது தகுமா, தகாதா என்று ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் வழக்காடினர். அவ்வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூலில் எழுதியிருக்கிறார். அவ்வாறு வந்த விருந்தாளியோடு எங்கள் சீமைப் பனை உறவு கொண்டாடியதன் பயனே கருப்பட்டிக் காப்பி. பனையின் பாளையைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டினால் புளிக்காத பதநீர் இறங்கும். அதனைக் காய்ச்சினால் கருப்பட்டி. அலுவலர் ஒருவரை இராமநாதபுரத்துக்கு மாற்றினால், ‘தண்ணியில்லாக் காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்’ என்று பிற ஊரார் சொல்வதுண்டு. அந்தக் காட்டிலும் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி இனிப்பாக்கித் தரும் மரம் பனை. சாயல்குடிப் பக்கம் சென்றோர் அப்பனங்காடுகளைக் கண்டிருப்பர்.

2025ஆம் ஆண்டு ஆடி அமாவாசைக்கு முதல்நாள் காலையில் திண்ணையில் நிகழ்ந்த ஒரு பேச்சையும், அது என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடத்தையும் இங்கே கூற விரும்புகிறேன்.

அமாவாசையன்று இராமேசுவரத்தில் அக்கினி தீர்த்தக் கடலில் நீராடி, மறைந்த என் தந்தையாரை நினைந்து நீர்க்கடன் செலுத்துவது என் வழக்கம். எனக்குத் துணையாகப் பேரன் வந்திருந்தான். அன்று காலையில் அவன் வாட்டத்துடன் காணப்பட்டான். காதுகளில் ‘இயர்போன்’ இருந்தது. குவளை கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

“என்ன தம்பி, முகம் வாடியிருக்கிறதே?” என்று வினவினேன்.

“எனக்கு மிகவும் பிடித்த மெட்டல் பாடகர் ஒருவர் நேற்று இறந்துவிட்டார், ஐயா.”

மெட்டல் என்பது உலோகம் என்ற அளவுக்கு எனக்கும் தெரியும். ஆகவே, “உலோகப் பாடகரா? எங்கள் காலத்திலும் ஒருவர் இருந்தார். சீர்காழி கோவிந்தராசனை ‘வெண்கலக் குரலோன்’ என்றே அழைத்தோம். அவர் 1988ஆம் ஆண்டில் மறைந்தபோது நானும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்” என்றேன்.

பேரன் முகத்தில் சிறு முறுவல் தோன்றியது. அவன் விளக்கத் தொடங்கினான். இங்கிலாந்து நாட்டில் பர்மிங்காம் என்பது இரும்பும் எந்திரமும் நிறைந்த நகரம். 1968ஆம் ஆண்டில் அந்நகரத்து உழைப்பாளர் குடும்பங்களைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் ‘பிளாக் சாபத்’ என்னும் இசைக்குழுவைத் தொடங்கினர். அவர்களுள் பாடியவர் ஓசி ஆஸ்பர்ன். கிட்டார் வாசித்தவர் டோனி அயோமி. அயோமி தம் பதினேழாம் வயதில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். வேலையை விட்டு நீங்கவிருந்த கடைசி நாளில் எந்திரத்தில் கை சிக்கி, இரண்டு விரல்களின் நுனிகள் அற்றுப்போயின. கிட்டாரின் நரம்புகளை அழுத்த வேண்டிய விரல்கள் அவையே. அவர் பிளாஸ்டிக்கை உருக்கி விரல்நுனிகளுக்கு உறை செய்து, அதன்மேல் தோலை ஒட்டிக்கொண்டு மறுபடியும் வாசித்தார். பின்னர் விரல் நோகாதிருக்க நரம்புகளைத் தளர்த்தினார். தளர்த்தவே ஒலி தாழ்ந்து கனத்தது. அந்தக் கனமே பிற்காலத்து மெட்டல் இசைக்கு அடையாளமாயிற்று.

“நடுக்க நோயால் நிற்க முடியாத நிலையிலும், இம்மாதம் ஐந்தாம் நாள், தாம் பிறந்த ஊரில், நாற்காலியில் அமர்ந்தபடியே ஆஸ்பர்ன் கடைசி முறையாகப் பாடினார், ஐயா. பதினேழு நாள்கள் கழித்து, நேற்று...” என்று கூறியவன், இயர்போனில் ஒன்றைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

நான் அதைக் காதில் வைத்த அளவில் திடுக்கிட்டு எடுத்துவிட்டேன். “சீர்காழியாரின் குரல் வெண்கலம், ஐயமில்லை. இதுவோ வெண்கலக் கடையில் யானை புகுந்த ஓசை!” என்று சொல்லி வாய்விட்டு நகைத்தேன்.

நல்ல பழமொழியை ஏற்ற இடத்தில் வைத்துவிட்டதாக எனக்குள் ஒரு பெருமிதம். பேரன் நகைக்கவில்லை. “சரி ஐயா, பிறகு பேசுவோம்” என்று கூறிப் பாதிக் குவளையை வைத்துவிட்டு எழுந்து சென்றான்.

நிலைப்படியில் நின்ற என் மனைவி குவளைகளை எடுத்துக்கொண்டே, “மாமாவிடமும் நீங்கள் இப்படித்தான் பேசினீர்கள்” என்றாள். அவள் மாமா என்றது என் தந்தையாரை. அச்சொல் என்னைச் சுட்டது.

அன்று பகல் முழுவதும் எனக்கு அமைதி இல்லை. கற்ற நூல்களுள் மனத்தைச் செலுத்திப் பார்த்தேன். தொல்காப்பியனார் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைத் தொகுத்துரைக்கிறார். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்பன அவ்வரிசையில் வருவன. மாணவர்க்கு இதனை எத்தனையோ முறை ஒப்புவிக்கச் செய்திருக்கிறேன். ஆனால், உணவையும் பறையையும் தொழிலையும் யாழையும் அவர் ஏன் ஒரே வரிசையில் வைத்தார் என்று அன்றுதான் எண்ணினேன். ஒரு நிலத்தார் உண்பதும், உழைப்பதும், முழக்குவதும், பாடுவதும் ஒரே வேரில் கிளைத்தவை. நெய்தல் நிலத்துக்கு மீன்கோட்பறையையும் விளரி யாழையும் இலக்கண நூலார் வகுத்தனர். பாலைக்குத் துடியை வகுத்தனர். இரும்பு அடிக்கும் நகரத்துக்கு ஒரு பறை இருக்குமானால் அது வேறு எப்படி ஒலிக்கும்? விரல் இழந்த உழைப்பாளியின் யாழ் வேறு எப்படி அதிரும்? பேரன் எனக்கு ஒரு நிலத்தின் கருப்பொருளைச் சொல்லிக்கொண்டிருந்தான். தொல்காப்பியம் கற்ற நான் அதனை யானை என்று எள்ளினேன்!

மறுநாள் புலரும்முன் இருவரும் இராமேசுவரத்துக்குப் புறப்பட்டோம். பேருந்து கடலைக் கடக்கையில் பக்கத்தே இரண்டு இரயில் பாலங்கள் தெரிந்தன. ஒன்று 1914ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பழைய பாலம். மற்றொன்று 2025 ஏப்பிரலில் திறக்கப்பட்ட புதிய பாலம். பேரன் புதிய பாலத்தைப் பார்த்தான். என் கண் பழைய பாலத்தின்மீதே இருந்தது. என் தந்தையார் அத்தடத்தில் தண்டவாளப் பணியாளராக இருந்தவர்.

நீர்க்கடன் முடிந்தபின், “தனுஷ்கோடிக்குப் போகலாமா, ஐயா?” என்றான் பேரன். இசைந்தேன். அரிச்சல்முனைவரை 2017ஆம் ஆண்டு முதல் நல்ல சாலை இருக்கிறது. ஒரு புறம் பாக் நீரிணை. மறுபுறம் மன்னார் வளைகுடா. இடையே மணலும், 1964ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த ஊரின் கற்சுவர்களும் நிற்கின்றன. இடிந்த தேவாலயத்தின் நிழலில் அமர்ந்தோம். தென்மேற்குக் காற்று வீச, கடல் ஓயாது முழங்கிக்கொண்டிருந்தது.

“இந்த இடத்தைப் பற்றி அகநானூற்றில் ஒரு பாட்டு உண்டு” என்று தொடங்கினேன். எழுபதாம் பாட்டு, பாடியவர் மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார். அதில் வரும் பாண்டியரின் பழைய கோடி இத்தனுஷ்கோடியே என்பது அறிஞர் பலர் கொள்கை. அகநானூற்றை ஆராய்ந்து அச்சேறச் செய்த பெருமை, எங்கள் சேது சமஸ்தான வித்துவானாக விளங்கிய ரா. இராகவையங்காருக்கு உண்டு.

பேரன் என் பக்கம் திரும்பி அமர்ந்தான். நான் பாட்டின் பொருளைக் கூறினேன். “ஒரு கடற்கரை ஊர். தலைவன் தலைவியரின் காதலை அறிந்த ஊரார் வாய் ஓயாமல் பழி தூற்றுகின்றனர். பிறகு திருமணம் உறுதியாகிறது. ஊர்வாய் சட்டென அடங்கிவிடுகிறது. எப்படி அடங்கியது என்பதற்குத் தோழி ஓர் உவமை சொல்கிறாள். இக்கோடியின் துறையில், விழுதுகள் பல ஊன்றிய ஓர் ஆலமரத்தின் கீழ் இராமன் அமர்ந்து அரிய மறைபொருளை ஆராய்ந்தான். மரத்தில் பறவைகள் ஓயாமல் இரைந்தன. அவன் அவற்றை அடக்கினான். மரம் முழுவதும் ஓசையற்றுப் போயிற்று. அம்மரம்போல ஊர் அடங்கியதாம்.”

“கடலும் அடங்கியதா, ஐயா?”

நாற்பது ஆண்டுகளாக இப்பாட்டைப் பயின்றுவரும் எனக்கு அவ்வினா புதிது. சற்றே சிந்தித்து, “இல்லை. கடல் முழங்கிக்கொண்டே இருந்ததாகத்தான் புலவர் கூறுகிறார்” என்றேன்.

“அப்படியானால் பெருமுழக்கத்தின் நடுவே ஓர் அமைதி! இதே போன்ற ஒரு பாட்டு எங்களிடமும் இருக்கிறது” என்று சொல்லியவன், உடனே தயங்கினான். முதல்நாள் நிகழ்ந்தது அவனுக்கு நினைவு வந்தது போலும்.

“நேற்று நான் பேசியது தவறு தம்பி. சொல், இன்று முழுவதும் கேட்கிறேன்” என்றேன்.

அவன் சொன்னான். கோல்ரிட்ஜ் என்னும் ஆங்கிலப் புலவர் 1798ஆம் ஆண்டில் ஒரு கடற்பாட்டை வெளியிட்டார். அதனைத் தழுவி ‘அயர்ன் மெய்டன்’ என்னும் மெட்டல் குழுவினர் 1984ஆம் ஆண்டில் பதின்மூன்று நிமிடத்துக்கும் மேல் நீளும் ஒரு பாட்டை இயற்றினர். பாடியவர் புரூஸ் டிக்கின்சன்; அவர் விமானம் ஓட்டவும் கற்றவர். அக்குழுவினர் 2007ஆம் ஆண்டு பெங்களூரில் வந்து பாடியிருக்கின்றனரம்.

கதை இது: கிழ மாலுமி ஒருவன் திருமணத்துக்குச் செல்லும் ஒருவனை வழிமறித்துத் தன் கதையைச் சொல்கிறான். முன்னொரு நாள் கப்பலைத் தொடர்ந்து வந்த பெரும்பறவை ஒன்றை அவன் காரணமின்றிக் கொன்றான். காற்று நின்றது. கப்பல் அசையவில்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் நீராக இருந்தும், மாலுமிகளின் நா வறண்டது. தோழர் அனைவரும் மடிந்தனர். உயிர்களின் அழகை உணர்ந்து வாழ்த்தியபின்னரே அவன் துயர் நெகிழ்ந்தது. கரையேறியவனுக்கு ஒரு கடமை வாய்த்தது. ஊர் ஊராகச் சென்று, கேட்க வேண்டியவரைக் கண்டு, அக்கதையைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லாவிடில் அவன் நெஞ்சு எரியும்.

இயர்போனில் ஒன்று அவன் காதிலும் மற்றொன்று என் காதிலும் இருக்க, அப்பாட்டைக் கேட்டோம். முரசொலி குதிரைப் பாய்ச்சலாக வந்தது. சொல் எனக்கு விளங்கவில்லை. ஆயினும் வேகத்துக்குள் ஓர் ஒழுங்கு இருப்பது புலப்பட்டது. நடுவில் எல்லாம் ஒடுங்கின. மரக்கப்பல் முனகும் ஓசை மட்டும் கேட்டது. யாரோ ஒருவர் தாழ்ந்த குரலில் செய்யுளைச் சொன்னார். என் மற்றொரு காதில் தனுஷ்கோடிக் கடல் முழங்கிக்கொண்டிருந்தது.

அப்போது என் தந்தையார் என் முன்னே வந்து நின்றார்.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் புயல் வீசியபோது எனக்கு வயது ஐந்து. அன்னையோடு இராமநாதபுரத்தில் இருந்தேன். தந்தையார் பாம்பனில் பணியில் இருந்தார். அவ்விரவில் தனுஷ்கோடி ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற இரயில்வண்டியைப் பயணிகளோடு கடல் கொண்டது. பாலமும் சிதைந்தது, பொறியாளர் ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாள்களில் அது சீர்செய்யப்பட்டபோது உழைத்த எண்ணற்ற கைகளுள் என் தந்தையாரின் கைகளும் இருந்தன.

அதன்பின் வாழ்நாள் முழுவதும், காலையில் நீராகாரக் குவளையை ஏந்தியதும் அவர் அந்தக் கதையைத் தொடங்குவார். காற்று எழுந்த வகை. அலை எழுந்த உயரம். விடிந்ததும் உயிரோடு யாரேனும் உளரா என்று சிலரோடு கிழக்கு நோக்கி நடந்தது. கிணறுகளில் எல்லாம் கடல்நீர் புகுந்திருந்தமையால் நாவை நனைக்க வழியின்றித் தவித்தது. “அப்போது மணல்மேட்டுக்கு அப்பாலிருந்து ஒருவர் மண்கலயத்தோடு வந்தார். அதில் நீராகாரம்...” என்பார். வழக்கமாக அந்த இடத்தில் நான் எழுந்துவிடுவேன். “தெரியும் அப்பா, எத்தனை முறை கேட்பது? பள்ளிக்கு நேரமாகிறது” என்பேன். அவர் மேலே பேசமாட்டார். குவளையை வெறுமையாக்கிவிட்டு வேலைக்குச் செல்வார். நான் மாணவனாய் இருந்தபோதும் இப்படி. ஆசிரியனான பின்பும் இப்படியே. பிறகு அவர் மறைந்தார்.

இவற்றையெல்லாம் பேரனிடம் கூறினேன். அவன் இமையாமல் கேட்டான். கேட்டு முடித்ததும், “கலயத்தோடு வந்தவர் யார், ஐயா?” என்று வினவினான்.

“தெரியாது, தம்பி.”

“அனைத்தையும் இழந்த ஊரில் அவருக்கு மட்டும் அந்த நீராகாரம் எப்படிக் கிடைத்தது? பிறகு அவர் என்ன ஆனார்?”

“தெரியாது” என்றேன் மறுபடியும். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

‘தெரியும், தெரியும்’ என்று நான் தந்தையாரிடம் எத்தனையோ முறை சொன்ன கதையில், எனக்குத் தெரியாத பகுதியே அதன் உயிர். அந்த முதல் மிடற்றின் நன்றியாகவே அவர் நாள்தோறும் நீராகாரம் பருகினார். அவர் வழக்கத்தைப் பின்பற்றி நானும் பருகுகிறேன். குவளை என் கைக்கு வந்தது, கதை வரவில்லை. அதனைக் கையேற்க ஒரு காலைப்பொழுதில் ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது. அதனை நான் தரவில்லை. திருக்குறளில் ‘கேள்வி’ என்னும் அதிகாரத்தை, செவிக்கும் உணவு வேண்டும் என்று விளக்கி, முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் நான்!

பேரன் என் கையைப் பற்றிக்கொண்டான். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் விடியலில் திண்ணையில் அமர்ந்தோம். பேரன் உள்ளே சென்று, “அப்பத்தா, எனக்கும் இன்று நீராகாரம் கொடு” என்று கேட்டு வாங்கிவந்தான். அவனுக்காகக் காய்ச்சிய கரிய காப்பி என் பங்குக்கு வந்தது. கசப்புத்தான், ஆயினும் நாவில் நெடுநேரம் நின்றது. அவன் ஒரு குறிப்பேட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, “கொள்ளுத்தாத்தாவின் கதையை முதலிலிருந்து சொல்லுங்கள், ஐயா. அறியாத இடத்தில் ‘தெரியவில்லை’ என்றே எழுதிக்கொள்கிறேன்” என்றான். நான் சொல்லத் தொடங்கினேன். மணல்மேட்டை அடைந்ததும் நிறுத்தினேன். அவன் அவ்விடத்தில் அரைப்பக்கத்தை வெறுமையாக விட்டான். அது இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.

மாணவர்களே! நும் வீட்டுத் திண்ணையிலோ அடுப்படியிலோ நாளைக் காலையில் ஒரு முதியவர் குவளையோடு அமர்ந்திருப்பார். நூறு முறை சொன்ன கதையை நூற்றோராம் முறையும் அவர் தொடங்கக்கூடும். ‘தெரியும்’ என்று சொல்லி எழுந்துவிடாதீர்கள், முடிவுவரை கேளுங்கள். அவ்வாறே உங்கள் பாட்டை அவர் கேட்க மறுத்தால், என்னைப் பற்றி அவரிடம் சொல்லுங்கள்.